ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

நீண்ட ஓய்வில் இருப்போர் வீட்டில் மீன்தொட்டி அமைக்க விரும்புவதுண்டு. கடைகளில் கண்ணைக் கவரும் சிக்லிட் இன மீன்கள் தம் இடத்தைக் காக்கச் சண்டையிடுபவை. ஆகவே நிறத்தை மட்டும் பாராது, நீரின் தன்மையையும் மீனின் அளவையும் நோக்கித் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடினநீர் ஏற்றது. அமேசானின் டிஸ்கஸ் மீனுக்கு மென்னீர் ஏற்றது. இவ்விரண்டையும் ஒன்றாக விடலாகாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரத்தில், கிணற்று நீர் பல இடங்களில் சற்றே உவர்ப்பானது. அதனைத் தாங்குபவை நம் நாட்டுச் சிக்லிட்டுகளான கரிமீனும் ஆரஞ்சு குரோமைடும். இயற்கையில் இவை சேர்ந்து வாழ்கின்றன. சிறிய குரோமைடு கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று தூய்மை செய்யும். எனினும் கரிமீன் 20 செ.மீ.க்கு மேலும் வளரும். சிறு தொட்டிக்கு விரல் நீளமே உள்ள ஆரஞ்சு குரோமைடுகள் மட்டும் போதும். அவற்றைக் கூட்டமாக வளர்த்தால் ஒன்றையே மற்றவை துரத்துவது குறையும்.

தொட்டி நீரில் ‘மைக்கோபாக்டீரியம் மெரினம்’ என்னும் கிருமி இருக்கக்கூடும். அது தோலிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, எளிதில் ஆறாத புண்ணை உண்டாக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும், கையில் காயமுள்ளோரும் மீன்களைக் கண்டு மகிழலாம், நீரில் கைவிடலாகாது. தூய்மைப் பணியை உடனிருப்போர் நீண்ட கையுறை அணிந்து செய்தல் நன்று.

கையில் தோன்றிய கட்டியோ புண்ணோ பல வாரங்களாக ஆறவில்லையெனில், வீட்டில் மீன்தொட்டி இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.