தொடைத் தோல் கன்னமாக மாறுவது எப்படி? ‘பெர்ஃபொரேட்டர் ஃப்ளாப்’ என்ன செய்கிறது?

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றதும், கட்டியை எடுப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் கொஞ்சம் எடுத்தாக வேண்டும். சிலருக்குக் கன்னத்தில் ஓட்டை விழும். சிலருக்குப் பாதி நாக்கு போகும். அப்படியே விட்டால் குடிக்கிற தண்ணீர் வெளியே வழியும், பேச்சு குழறும்.

சரி, எதை வைத்து அடைப்பது?

மெல்லிய தோலை மட்டும் ஒட்டினால் ஆழமான குழிக்குப் போதாது. நெஞ்சுத் தசையைத் தோலோடு கழுத்து வழியாக மேலே திருப்பித் தைக்கும் முறை இருக்கு. இன்றும் கைகொடுக்கிற முறைதான். ஆனால், தடிமன் அதிகம். சில ஆண்களுக்கு வாய்க்குள் நெஞ்சு முடி வளர்வதும் உண்டு!

இங்கேதான் பெர்ஃபொரேட்டர் வருகிறது. ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயிலிருந்து பிரிந்து, பெரும்பாலும் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் குட்டிக் குழாய்க்குத்தான் இந்தப் பெயர். சுமார் 1 மி.மீ. அகலம்தான். அது அறுந்துவிடக் கூடாதே என்று முன்பு தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். 1989-ல் ஜப்பான் மருத்துவர்கள் கோஷிமாவும் சோயிதாவும் வயிற்றுத் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்க முடியும் என்று காட்டினார்கள்.

இதைத் தலை, கழுத்து ஆபரேஷனில் பெரிய அளவில் பயன்படுத்தியது தைவான். நம்மூரைப் போலவே அங்கும் பாக்கு மெல்லும் பழக்கம் அதிகம். பெரும்பாலும் புகையிலை சேர்க்காமலேயே மெல்கிறார்கள். அப்படியும் புற்றுநோய் விடுவதில்லை. சாங் குங் மருத்துவமனையின் வெய் ஃபூ-சான் குழு, தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்த 672 ஃப்ளாப்களின் முடிவை 2002-ல் வெளியிட்டது. முழுமையாகத் தோற்றவை 12 மட்டுமே.

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி ஓரம் வரை ஒரு கோடு போடுகிறார்கள். அதன் நடுப்பகுதியில் டாப்ளர் கருவியை வைத்தால் குழாயின் துடிப்பு கேட்கும். தசை இழைகளை விலக்கி, அந்தக் குழாயைப் பொறுமையாகப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் கழுத்து ரத்தக்குழாயோடு தைக்கிறார்கள். தொடைத் தசை அப்படியே இருப்பதால் பெரும்பாலானவர்கள் பழையபடி நடக்கலாம். மிச்சம் ஒரு நீளத் தழும்பு.

ஆனா, தையல் போட்டதோடு டென்ஷன் முடியாது. முதல் 2-3 நாட்கள்தான் கண்டம். தைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் ஃப்ளாப் செத்துவிடும். அதனால் நர்ஸ்கள் ராத்திரியிலும் மணிக்கொரு முறை டார்ச் அடித்து நிறம் பார்ப்பார்கள். வெளுத்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்தால் வெளியே போகவில்லை. எதுவானாலும் உடனே தியேட்டர்தான். சில மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

தாடை எலும்பும் போனவர்களுக்குத் தொடைத் தோல் போதாது. கெண்டைக்கால் பக்கத்து மெல்லிய எலும்பைத் தோலோடு எடுத்து வைப்பார்கள்.

புண் சீக்கிரம் ஆறுவது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். கதிர்வீச்சு தேவைப்படுபவர்களுக்கு அதை ஆபரேஷன் முடிந்து 6 வாரங்களுக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். ஆறாத புண்ணோடு அது தள்ளிப்போனால், புற்றுநோய் திரும்பும் ஆபத்து கூடும்.