கையால் இடப்படும் முடிச்சு

அறுவை சிகிச்சை முடிந்தபின் நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "தையல் பிரிந்துவிடாதா?" நூலைவிட, அதன் முடிச்சைப் பொறுத்தே இதற்கு விடை கூற இயலும்.

தோலின்மேல் நீங்கள் காணும் தையல்களைப் பெரும்பாலும் ஊசியைப் பிடிக்கும் கருவியாலேயே முடிகிறோம். உள்ளே, அறுபட்ட இரத்தக் குழாயைக் கட்டும்போது விரல்களே மிகுதியும் பயன்படுகின்றன. நூலின் இறுக்கத்தை விரல்நுனி உடனே உணர்ந்துகொள்ளும். அம்முடிச்சு நழுவினால் உள்ளே இரத்தம் கசியும். நோயாளியை மீண்டும் அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்லவும் நேரலாம். எனவே பயிற்சி மருத்துவர்களுக்கு இதனைத் தொடக்கத்திலேயே கற்பிக்கிறோம்.

முதற்பாடம் எளிது. நூலின் இரு முனைகளையும் ஒருமுறை பின்னி இழுப்பது ஒரு சுற்று. அடுத்த சுற்றை எதிர்த்திசையில் இட்டால் இரண்டும் ஒன்றையொன்று கவ்வித் தட்டையாகப் படியும். ஒரே திசையில் இட்டாலும் பார்வைக்கு முடிச்சுப் போலவே இருக்கும். ஆனால் இழுபட்டால் நழுவும். காலணிக் கயிறு அடிக்கடி அவிழ்வதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம். கயிற்றின் இரு காதுகளும் காலணிக்குக் குறுக்காக நில்லாமல் நீளவாட்டில் திரும்பி நின்றால், முடிச்சுத் தவறென்று அறியலாம்.

பட்டு நூலுக்குப் பொதுவாக 3 சுற்றுகள் போதும். நைலான் வழுக்கும் தன்மையது. அதற்கு 4 அல்லது 5, சில வேளைகளில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பயில்வோர் இரு நிறக் கயிறுகளில் தொடங்குகின்றனர். எம்முனை எவ்வழி செல்கிறதென்பது அப்போது தெளிவாகத் தெரியும். பின்னர் கையுறை அணிந்து, நனைந்த நூலில். அதன்பின், ஆழமான குவளையின் அடியில் பொருத்திய கொக்கியில், கொக்கியைச் சிறிதும் மேலிழுக்காமல் முடிச்சிட வேண்டும். இதுவே மிகக் கடினம். உடலுக்குள் அவ்வாறு இழுத்தால் மெல்லிய குழாய் கிழிந்துவிடும். அளவுக்கு மீறி இறுக்குவதும் தீங்கே. தோலின் விளிம்புகளுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டுக் காயம் ஆறத் தாமதமாகும்.

"பயிற்சி மருத்துவரா தைத்தார்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மூத்த மருத்துவர் அருகில் நின்று பார்க்கவே அவர்கள் முடிச்சிடுகின்றனர்.

தையல் பிரிக்கும் நாள் இடத்திற்கேற்ப மாறும்: முகத்தில் ஏறத்தாழ 5 நாட்கள், கைகால்களில் 10 முதல் 14 நாட்கள். காயம் ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும் வீட்டில் நீங்களே பிரிக்க வேண்டா. சில வாரங்கள் கழித்துத் தழும்பின் ஓரத்தில் மீன்முள் போன்ற நூல்முனை தென்படலாம். தானே கரையும் நூலின் முடிச்சு அது. அங்கே நூல் திரண்டிருப்பதால் மெதுவாகக் கரைகிறது. அதனை இழுக்காமலும் நகவெட்டியால் வெட்டாமலும் எங்களிடம் காட்டுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், காயம் திறந்துகொள்ளுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே வாருங்கள். கட்டுத்துணி நனையுமளவு இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தவாறே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.