குழி பார்த்துத் தூண்டில் போடு

மலை ஏரியில் திலாப்பியா பிடிக்கப் போய், மீனுக்கு முன்னால் தண்ணீரைப் படிக்க நேர்ந்த கதை

முதல் நாள் ரிங்லெட் ஏரிக்கரையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது ஒரு கொத்து ஆகாயத்தாமரையும், முள்ளில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு பிளாஸ்டிக் பையும்தான். சாயங்காலம் கோலா தெர்லாவில் உள்ள பெரியப்பா வீட்டுக்குத் திரும்பி, வாசலில் மோட்டாரை நிறுத்தியபோது அவர் வாளியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் திரும்பி, "இன்னைக்கு முட்டையே பொரிச்சிரு," என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

நான் தாப்பாக்காரன். கேமரன் மலையின் அடிவாரத்தில், ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகளில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். அங்கே படித்த பாடம் சின்னது. விடிவதற்குள் போய்விட வேண்டும். முள்ளில் செம்பனைப் பழத்தையோ ரொட்டி உருண்டையையோ குத்த வேண்டும். நிழலான பக்கம் உட்கார வேண்டும். வெயில் ஏறினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதே மீன்தானே, அதே திலாப்பியாதானே என்று அந்தப் பாடத்தை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப், பிரிஞ்சாங், தானா ராத்தா, ஹாபு என்று ஊர் ஊராகக் கடந்து, பள்ளி விடுமுறைக்கு ஸ்ட்ராபெரி பறிக்க வந்த காடிகளின் வரிசையில் ஊர்ந்து ரிங்லெட் போய்ச் சேருவதே பெரும்பாடு. அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு திரும்பினால் கோபம் மீன்மேல்தான் வருகிறது. மீன்மேல் தப்பில்லை என்று புரிய எனக்கு மூன்று பயணம் ஆனது.

சட்டிக்குள் அடங்கும் மீன்

அமெரிக்கர்கள் 'பான் ஃபிஷ்' என்று ஒரு கூட்டத்தையே சொல்வார்கள். வறுக்கும் சட்டிக்கு வெளியே வால் நீட்டாத சின்ன மீன்கள். அவற்றில் பெயர் போனது புளூகில். நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது திலாப்பியா. உள்ளங்கை அகலம், வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் கீறி மஞ்சள் தடவினால் சட்டியில் கச்சிதமாக உட்காரும்.

நம் ஊர் மீன் போலப் பழகிவிட்டாலும் இது ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1930களின் கடைசியில் கிழக்கு ஜாவாவின் ஒரு கழிமுகத்தில் முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் இதைக் கண்டெடுத்து, நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றைக்கும் இந்த மீனுக்கு அவர் பெயர்தான். ஜப்பானியர் காலத்தில் அது ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது. அதனால் மலாய்க்காரர்கள் இதை 'ஈக்கான் ஜெப்புன்', அதாவது ஜப்பான் மீன் என்றார்கள். 1952-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போனது. தமிழ்நாட்டில் 'ஜிலேபி' என்று இனிப்பான பெயர் வாங்கிக்கொண்டது.

ஜப்பானின் அப்போதைய பட்டத்து இளவரசர் அகிஹித்தோவுக்கும் இந்த மீன் கதையில் ஒரு பங்குண்டு. அவர் மீன் ஆய்வாளர். 1960-இல் சிகாகோ போனவருக்குப் புளூகில் மீன்கள் பரிசாகக் கிடைத்தன. ஜப்பானுக்குக் கொண்டுவந்த அவை ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களை வதைத்தன. அது தனக்கு வேதனை தருவதாக 2007-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே அகிஹித்தோ 1965-இல் தாய்லாந்து மன்னருக்கு 50 நைல் திலாப்பியாக்களை அனுப்பினார். அவை பெருகி அந்நாட்டு ஏழைகளின் சாப்பாட்டு மீனாயின. ஒரே மனிதர் கைபட்ட இரண்டு சட்டி மீன்களில் ஒன்று பழியைச் சுமந்தது, மற்றது வயிற்றை நிரப்பியது. உண்மையில் திலாப்பியாவுக்கும் இரண்டு குணமும் உண்டு. போன இடத்தில் பெருகும், பழைய குடிகளை ஒதுக்கும்.

போர்வைக்குள் தூங்கும் மீன்

இரண்டாம் முறை விடியற்காலை நான்கரைக்கே எழுந்தேன். கம்பளிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டும் பல் தந்தியடித்தது. கட்டிலில் இருந்தபடியே பெரியப்பா கேட்டார், "எங்கடா போற? மீனே இன்னும் போர்வைய விட்டு எந்திரிச்சிருக்காது."

கிண்டல் என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்து மணிவரை மிதவை அசையவில்லை. பத்தரைக்கு மேல், கரையோரத் தண்ணீரில் வெயில் விழுந்த பிறகு, லேசாக இரண்டு முறை துடித்தது. நான் சுதாரிப்பதற்குள் இரையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

பிறகுதான் பெரியப்பா சொன்னதில் இருந்த விலங்கியல் புரிந்தது. திலாப்பியா வெப்ப நாட்டு மீன். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதற்கு இரை எடுக்கும் வேகம் குறைந்துவிடும். 10 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ரிங்லெட் ஏரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,070 மீட்டரில் கிடக்கிறது. இரவில் குளிர் இறங்கும் இந்த உயரத்தில், விடியற்காலைத் திலாப்பியா ஆழத்தில் மந்தமாகக் கிடக்கும். தாப்பாக் குட்டையில் வெயிலுக்குப் பயந்து நிழல் தேடும் அதே மீன், இங்கே வெயில் காய ஆழமில்லாத கரைக்கு வருகிறது. நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மீன் எதிர்க்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆக, மலை ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர் நிதானமாகப் பசியாறிவிட்டே புறப்படலாம். காலையில் முதல் வெயில் எந்தக் கரையில் விழுகிறது என்று பார்த்து அங்கே போக வேண்டும். கறுத்த பாறையோ சேற்றுத் திட்டோ உள்ள ஆழமில்லாத மூலை என்றால் சீக்கிரம் சூடேறும். மதியத்துக்குமேல் மலையில் மழை இறங்கிவிடும் என்பதால், கையில் இருப்பது மூன்று மணி நேரம்தான்.

தட்டுத் தட்டாய்க் குழிகள்

மூன்றாம் முறை பெரியப்பாவும் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலை வாடியது போதுமா என்று கையால் தொட்டே சொல்லிவிடுவார். தண்ணீரையும் அப்படித்தான் பார்த்தார். தூண்டிலை எடுக்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையோரமாக அரைமணி நேரம் நடந்தார்.

அன்றைக்குத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. இது இயற்கையாக உண்டான ஏரி இல்லை. சுல்தான் அபு பக்கார் அணை பெர்த்தாம் ஆற்றை மறித்ததால் உண்டான நீர்த்தேக்கம். மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் விசையாழிகள் தண்ணீரைக் குடிக்கும், ஏரி இறங்கும். தேவை குறைந்தால், மேலே மழை பெய்தால், மறுபடி ஏறும். நேற்று மிதவை நின்ற இடம் இன்றைக்கு வெறும் சேறாக இருக்கும். புதிதாக வருகிறவரை இந்த ஏரி தோற்கடிப்பது முக்கியமாக இதனால்தான்.

பெரியப்பாவுக்கோ அந்த இறக்கம்தான் வேண்டியிருந்தது. வெளியே தெரிந்த ஈரச் சேற்றில் ஓர் இடத்தைக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தது போல வட்டக் குழிகள், பத்துப் பன்னிரண்டு, ஒன்றையொன்று ஒட்டி.

"இது என்ன பெரியப்பா, மாடு மிதிச்ச மாதிரி?"

"மாடு எங்கடா இங்க வந்துச்சு? மீன் வீடு. ஆம்பள மீன் வாயால மண்ண அள்ளி அள்ளித் துப்பித் தோண்டுனது. தண்ணி ஏறுனா திரும்பி வந்துரும்."

குழியைத் தோண்டிக் காவல் காப்பது ஆண். பெண் வந்து முட்டையிட்டு, அந்த முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிந்து தானாக நீந்தும்வரை வாய்தான் தொட்டில். ஆண் மட்டும் குழியை விடாமல் சுற்றும், அருகே எது வந்தாலும் முட்டும். அமெரிக்கப் புளூகிலும் இப்படித்தான் கூட்டமாகத் தட்டுக் குழி தோண்டும், ஆண்தான் காவல் இருக்கும். இரண்டுக்கும் உறவில்லை. வாழும் விதம் மட்டும் ஒத்துப்போகிறது.

நான் தூண்டிலை விரித்தேன். பெரியப்பா தடுத்தார். "இன்னைக்கு வேணாம். தண்ணி இறங்கி நிக்கிது, மீன் நடுவுல நிக்கிது. இடத்த மட்டும் பாத்து வச்சுக்க." கரையில் சாய்ந்து நின்ற ஒரு மூங்கில் புதரையும் எதிரே ஒரு வெட்டுப்பாறையையும் அடையாளம் வைத்துக்கொண்டோம். அன்றும் வெறும் வாளிதான். ஆனால் முட்டை பொரிக்கச் சொல்லும்போது பெரியப்பா சிரித்தார்.

கிளம்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். அணைக்குக் கீழே ஆற்றுப் பக்கம் போகவே கூடாது, சங்கு ஊதினால் தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவு அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. ஒரு சட்டி மீனுக்காக அதை மறக்கக் கூடாது.

தெர்லாவிலிருந்து தாப்பாவரை

மீன் வீடு தெரிந்தால் மட்டும் போதாது, அது மண்ணுக்குள் புதையாமல் இருக்கவும் வேண்டும். ஏரியின் பெரும்பகுதி பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மழை பெய்த மறுநாள் செங்கல் கரைத்த நிறம். ஆகாயத்தாமரை ஒருபக்கம், சேறு வாரும் இயந்திரம் ஒருபக்கம்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கோலா தெர்லாவில் நின்றுகொண்டே விரலை நீட்டலாம். 'கோலா' என்றால் ஆறு சேருமிடம். தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் சேரும் இடம் இது. விட்டிருந்தால் தெலோம் கிழக்கே போய், ஜெலாயில் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலில் விழுந்திருக்கும். 1963-இல் இயங்கத் தொடங்கிய கேமரன் மலை நீர்மின் திட்டம் அதன் விதியை மாற்றியது. தெலோம் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து, ஹாபு மின்நிலையத்தைச் சுற்றவைத்து, ரிங்லெட் ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம். 500 மீட்டருக்கும் மேலே இருந்து விழுந்து, ஜோர், வோ மின்நிலையங்களைக் கடந்து, பாத்தாங் பாடாங் ஆறாக எங்கள் தாப்பாவைத் தாண்டி, மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் பிறந்த தண்ணீர் மேற்குக் கடலில் முடிகிறது. சின்ன வயதில் நான் குதித்துக் குளித்தது பெரியப்பா ஊர்த் தண்ணீரில் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

தண்ணீரோடு மண்ணும் கூடவே பயணம் செய்கிறது. தேயிலை மூடிய சரிவு மண்ணைப் பிடித்துவைக்கும். காய்கறித் தோட்டத்துக்காகவும் பிளாஸ்டிக் கூடாரத்துக்காகவும் வெட்டிச் சமன் செய்த சரிவு, ஒரு பெருமழைக்கே கரையும். சுமார் 80 ஆண்டுப் பயன்பாட்டுக்கு என்று கணித்துக் கட்டிய ஏரி, அதற்கு வெகு முன்பே மண்ணால் நிறையத் தொடங்கிவிட்டது. வாரி வாரிப் போட்டாலும் வந்துகொண்டே இருக்கிறது.

தூண்டில்காரனுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் சிற்றோடை ஏரியில் சேரும் இடத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும். தெளிந்த தண்ணீரும் கலங்கல் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆழமில்லாத இடத்தில், வெயிலும் விழுந்து, குழியும் இருந்தால் அங்கேதான் உட்கார வேண்டும். அவ்வளவு பெரிய ஏரியில் அப்படிப்பட்ட இடம் எங்களுக்கு இரண்டோ மூன்றோதான் தேறியது.

ஏழு மீன்

நான்காம் முறை பத்து மணிக்கு மூங்கில் புதரடியில் உட்கார்ந்தோம். குழிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. செம்பனைப் பழத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கல்லில் சுரண்டிய பச்சைப் பாசியை முள்ளில் சுற்றச் சொன்னார் பெரியப்பா. பாசியும் சேற்று மக்கும் தின்று வளரும் மீனுக்கு அதுதான் வீட்டுச் சாப்பாடு. குழியைக் காக்கும் ஆணுக்குப் பசி பெரிதில்லை, ஆனால் வாசலில் வந்து விழும் மண்புழுவைப் பொறுத்துக்கொள்ளாது, வாயால் தூக்கி எறியப் பார்க்கும். அதனால் பாசிக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு தூண்டில். சின்ன முள், மெல்லிய நரம்பு, விரல் நீள மிதவை.

திலாப்பியா இழுத்துக்கொண்டு ஓடாது. உதட்டால் தொட்டுப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். மிதவை இரண்டு முறை துடித்து, மூன்றாவதாகச் சாயும்போது மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். நான் முதல் நான்கையும் கோட்டைவிட்டேன். ஐந்தாவது நின்றது.

மழை வருவதற்குள் எட்டு. அதில் ஒன்றின் தாடை உப்பியிருந்தது. கையில் எடுத்ததும் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகள் வழிந்தன. "விட்டுரு, புள்ளத்தாச்சி," என்றார் பெரியப்பா. உள்ளூர் மீன்களை நெருக்கும் வந்தேறி மீனை விடலாமா என்று மீன்வளத் துறை படித்தவர்கள் கேட்கலாம், கேட்பதில் நியாயமும் உண்டு. நான் விட்டுவிட்டேன்.

வீட்டில் பெரியம்மா ஏழையும் கழுவி, புளித்தண்ணீரில் ஊறவைத்தார். சேற்று நெடி போக நம் வீடுகளில் தலைமுறையாகச் செய்வது. அந்த நெடிக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் புளிப்பில் சிதைந்துவிடும் என்று வேதியியலும் சொல்கிறது. ஆனால் மலையாறுகளில் ஆய்வாளர்கள் கண்ட பூச்சிமருந்து எச்சத்துக்குப் புளி மருந்தில்லை. அதனால் எப்போதாவது ஒருநாள் ஆசைக்குத்தான் இந்த ஏரி மீன்.

மீன் பொரியும் வாசனை வாசலுக்கு வந்தபோது நான் குழாயடியில் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏரிச் சேறு கரைந்து, சிவப்பாக வாய்க்காலில் இறங்கித் தெர்லா பக்கம் ஓடியது. பெரியப்பா திண்ணையிலிருந்து பார்த்தார்.

"அந்த மண்ண செடிக்குப் போடுடா," என்றார். "வாய்க்கால்ல விட்டா மறுபடி நம்ம குழி மேலதான் போய் உக்காரும்."