மேற்கோள் கணக்கும் சுகாதார ஆய்வும்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டியுள்ளனர் என்பதைக் கொண்டு அவரது தகைமையை மதிப்பிடும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. பதவியுயர்வும் ஆய்வு நிதியும் இவ்வெண்ணைச் சார்ந்திருக்கையில், அது எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டில் முன்வைத்த 'எச்' சுட்டெண்ணே இன்று பரவலாகக் கையாளப்படுகின்றது. ஒருவரது கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின், அவரது சுட்டெண் 20 ஆகும்.

இதனைச் சுகாதாரப் பொருளியலில் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் அரோ 1963இல் மருத்துவப் பராமரிப்புப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோய் எப்போது வருமென எவரும் அறியார். வந்தபின் எச்சிகிச்சை வேண்டுமென்பதை நோயாளியைவிட மருத்துவரே நன்கறிவார். ஆகவே சாதாரணச் சந்தை விதிகள் மருத்துவத்துக்குப் பொருந்தா என்பது அவரது வாதம். இத்துறையின் அத்திவாரமாகக் கருதப்படும் இக்கட்டுரை ஆயிரக்கணக்கான தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. ஆனால் இதனை மட்டுமே எழுதிய ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சுட்டெண் வெறும் 1 தான்! ஓரளவே கவனிக்கப்பட்ட 20 கட்டுரைகளை எழுதியவர் அவரை இலகுவில் முந்திவிடுவார்.

மறுப்பும் மேற்கோளாகவே எண்ணப்படுகின்றது. காப்புறுதி இருப்பின் மக்கள் கூடுதலாகச் சிகிச்சை நாடுவர் எனக் கூறி, மார்க் போலி 1968இல் அரோவை விமர்சித்தார். அதுவும் அரோவின் கணக்கிலேயே சேரும்.

மறுபுறம், ஓர் ஆய்வை ஏற்று ஒரு சுகாதார அமைச்சு மருந்துக் கட்டணத்தைக் குறைத்தால், அது சுற்றறிக்கையாக வெளிவருமேயன்றி ஆய்வுச் சஞ்சிகையில் இடம்பெறாது, சுட்டெண்ணும் உயராது. கொள்கை ஆய்வின் நோக்கமோ அந்தச் சுற்றறிக்கைதான்.