முன் சக்கரம் நனையும் வரை

அண்ணன் மகள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் திண்ணையில் டீயோடு உட்கார்ந்து, வரும் ஜூலையில் ராக்பிராய் போகப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஏழு நாள் சைக்கிள் பயணம். மேற்கே மிசூரி ஆற்றங்கரையில் புறப்பட்டு, மாநிலத்தைக் குறுக்கே கடந்து, கிழக்கே மிசிசிப்பியில் போய் முடியும்.

“ஆறு நாளைக்கு எப்படி ஓட்டணும்னு எல்லாம் படிச்சு வச்சிருக்கேன் சித்தப்பா. ஏழாவது நாள் சும்மா போய்ச் சேர வேண்டியதுதானே?”

2019இல் அந்த ஏழாவது நாளை நான் ஓட்டியிருக்கிறேன். அதனால் அடுப்பில் இன்னொரு முறை பாலை வைக்கச் சொல்லிவிட்டு, நிதானமாகவே பதில் சொன்னேன். இது போன்ற குழுப் பயணம் எங்கே போகிறவருக்கும் அது உதவும்.

முதலில் அந்தப் பயணம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘டெ மாயின் ரெஜிஸ்டர்’ என்ற பத்திரிகையில் ஜான் கேராஸ், டொனால்ட் கவுல் என்று இரண்டு எழுத்தாளர்கள். கவுல் எழுதிய பத்தியின் பெயரே ‘ஓவர் தி காஃபி’. அயோவாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளில் போய், பார்த்ததை எழுதலாம் என்பது கேராஸின் யோசனை. விருப்பமுள்ள வாசகர்களும் கூட வரட்டும் என்று பத்திரிகை அறிவித்தது. 1973 ஆகஸ்ட் 26 அன்று சூ சிட்டியில் ஏறக்குறைய 300 பேர் வந்து நின்றார்கள். ஆறு நாளில் டேவன்போர்ட். பள்ளி திறக்கும் நேரம், மாநிலக் கண்காட்சி நேரம், அதனால் வர முடியவில்லை என்று பலர் குறைப்பட்டுக்கொள்ள, அடுத்த ஆண்டும் நடத்தினார்கள். அது இன்றுவரை நிற்கவில்லை, 2020 ஒன்றைத் தவிர. இப்போது ஜூலைக் கடைசியில், ஞாயிறு தொடங்கி சனி வரை. ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள். தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், 700 கிலோமீட்டருக்கு முன்பின்னாக வரும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படும்போது பின் சக்கரத்தை மிசூரி ஆற்றில் நனைப்பார்கள். முடிக்கும்போது முன் சக்கரத்தை மிசிசிப்பியில் நனைப்பார்கள். நேரம் குறிப்பவர் யாரும் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் இல்லை. முன் சக்கரம் நனைந்தால் முடிந்தது, நனையாவிட்டால் முடியவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

சிக்கல் எங்கே என்றால், சக்கரம் நனைவதற்கு வெகு முன்னாலேயே மனசு போய் நனைந்துவிடுகிறது. நான் ஓட்டிய 2019இல் இது கண்ணெதிரே நடந்தது. ஆறாவது நாள் இரவு தங்கிய ஊர் பர்லிங்டன். அதுவே மிசிசிப்பிக் கரைதான். மாலையில் ஆற்றைப் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. ஆனால் பயணம் முடிகிற இடம் மறுநாள் போய்ச் சேர வேண்டிய கியோகக். வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நினைப்போடு தூங்கி எழுந்து, இன்னும் ஒரு நாள் மிதிக்க வேண்டும். அன்று காலை என் குழுவில் தண்ணீர் பாட்டிலை நிரப்ப மறந்தவர்கள் இரண்டு பேர். டயரில் காற்றுப் பார்க்காமல் கிளம்பியவன் நான். ஆறு நாளும் இதையெல்லாம் தவறாமல் செய்தவர்கள்தான் நாங்கள்.

கடைசி நாள் காலை இருட்டிலேயே தொடங்கும். மற்ற நாளில் ஏழு மணிக்கு எழுகிறவர்களும் அன்று ஐந்துக்கெல்லாம் கூடாரத்தைப் பிரிப்பார்கள். ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மேற்கே விட்டுவந்த காரை எடுக்க வேண்டும். கூடாரத் துணி பனியில் நனைந்து கனக்கும். ஜூலையில் அங்கே சுற்றிலும் சோளம்தான், நாம் மக்காச்சோளம் என்கிறோமே அது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பயிர் இலை வழியே விடுகிற ஈரத்தால் காற்றே புழுங்கும். அந்தப் புழுக்கத்தில் அவசரமாகக் கிளம்பினால் சாப்பாடு தவறும். நான் சொல்வது இதுதான்: அன்று காலை எதை விட்டாலும் சாப்பாட்டை விடாதே.

காரணம் உடம்பில் இருக்கிறது. உழைப்புக்காகத் தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரைக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். நிறைந்திருக்கும்போது அது ஏறக்குறைய 2,000 கிலோகலோரி கொடுக்கும். ஒரு நாள் முழுக்க மிதித்தால் பெரும்பகுதி காலி. அதைத் திரும்ப நிரப்ப நல்ல சாப்பாட்டோடு ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும். பயணத்தில் அந்த ஓய்வு கிடைக்காது. ஏழாவது நாள் காலையில் கிடங்கு அரைகுறையாகத்தான் இருக்கும். அது தீர்ந்தால் கால் மட்டும் சோர்வதில்லை, கவனமும் மங்கும். பள்ளத்தைப் பார்ப்பதற்கும் பிரேக்கை அழுத்துவதற்கும் நடுவே உள்ள நேரம் நீளும். கூடவே, வாரம் முழுக்க ஹேண்டில்பாரில் ஊன்றிய உள்ளங்கையில் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கும். பிடிக்கும் கையில் பாதி பலம்தான் மிச்சம். நமக்கு அது தெரியாது, ஏனென்றால் மனசு அன்றைக்கு உற்சாகமாக இருக்கும்.

நிலமும் அன்று சேர்ந்து சோதிக்கும். அயோவா தட்டையான ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். நடுப்பகுதி ஓரளவு அப்படித்தான். ஆனால் மிசிசிப்பியை நெருங்க நெருங்க, அதில் வந்து சேரும் சிற்றாறுகள் தரையை ஆழமாக அறுத்து வைத்திருக்கின்றன. வடகிழக்கில் டுபியூக், லான்சிங் பக்கம் சுண்ணாம்புக் கல் குன்றுகளே நிற்கும். ஆகவே ஏற்றம் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் ஆற்றுக்கு ஒரு பெரிய இறக்கம். வாரத்திலேயே களைத்த கை, வாரத்திலேயே வேகமான இறக்கம், கண்ணுக்கு எதிரே பளபளக்கும் ஆறு. என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படியொரு இறக்கத்தில் வாங்கியதுதான். ஆற்றை எட்டிப் பார்த்தேன், முன்னால் போனவர் வேகம் குறைத்ததைப் பார்க்கவில்லை. என் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்தில் உரசியது. விழுந்தது நான், அவர் இல்லை.

ஏன் பின்னால் வருகிறவர் விழுகிறார் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது முன் சக்கரம் இம்மி இம்மியாக இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருப்பதால்தான். அது இன்னொரு சக்கரத்தில் ஒட்டி ஒரு நொடி திரும்ப முடியாமல் போனால் சாய்வதைச் சரிசெய்ய வழியில்லை. முன்னால் போகிறவருக்கு இடிபட்டது பின் சக்கரம். அவர் முன் சக்கரம் சுதந்திரமாகத்தான் இருக்கிறது. வரிசையாக நெருங்கி ஓட்டினால் முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தைச் சமதளத்தில் வாங்கிக்கொள். கடைசி நாள் இறக்கத்தில் இரண்டு மூன்று சைக்கிள் நீளம் விட்டு வா.

ராக்பிராயில் ஒரு சத்தப் பழக்கம் உண்டு. சாலையில் ஏறும்போது “ரைடர் ஆன்”, ஓரம் இறங்கும்போது “ரைடர் ஆஃப்”, எதிரே வண்டி வந்தால் “கார் அப்”, பின்னால் வந்தால் “கார் பேக்”. நாற்சந்திக்கு முன்னால் கார்க்காரர்களை எச்சரிக்கச் சாலையின் குறுக்கே வரி வரியாக வெட்டியிருப்பார்கள், அதற்கு “ரம்பிள்ஸ்”. கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும் விரிசலில் மெல்லிய டயர் இறங்கிவிட்டால் வெளியே எடுப்பது கஷ்டம், அதற்கு “கிராக்”. முதல் நாள் இந்தச் சத்தம் ஊரைக் கூட்டும். ஏழாவது நாள் தொண்டை கட்டியோ, எல்லாருக்கும் தெரியும் என்ற எண்ணத்திலோ குறைந்துவிடும். அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை. அருகில் வருகிறவருக்கும் நம்மைப் போலவே கவனம் மங்கியிருக்கிறது. நீ வெட்கப்படாமல் கத்து.

குழுவைப் பற்றி ஒன்று. கடைசி நாளில் வேகமானவர்கள் பஸ் நேரத்தைச் சொல்லி முன்னால் பறந்துவிடுவார்கள். ஆறு நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக மழையில் நனைந்து, பஞ்சரான ட்யூப்பை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தவர்கள், ஆற்றங்கரையில் ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருந்தார், எப்போதும் கடைசி. முடிவு ஊரின் எல்லையில் ஒரு மரத்தடியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, அவரை முன்னால் விட்டு ஊருக்குள் போனோம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் நஷ்டமாக நினைத்ததே இல்லை.

ஆற்றில் நனைப்பதிலும் பதம் உண்டு. பெரும்பாலும் படகு இறக்குகிற சிமெண்ட் சரிவில்தான் நனைப்பார்கள். நீருக்குக் கீழே பாசி. சைக்கிள் ஷூவின் அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை இருக்கும், அதோடு பாசியில் காலை வைத்தால் குளத்துப் படிக்கட்டைப் போலத்தான். ஷூவைக் கழற்றிவிடு, அல்லது நீர் விளிம்பிலேயே நில். டயர் மட்டும் நனைந்தால் போதும். சக்கரத்தின் நடுவே உள்ள பேரிங் வரை முக்கினால் கிரீஸில் மணலும் நீரும் சேரும். வெளியே எடுத்ததும் ஒரு துணியால் துடைத்துவிடு.

அதற்குப் பிறகு உடனே பஸ்ஸில் ஏறி மடங்கி உட்காராதே. பத்து நிமிடமாவது நட, தண்ணீர் குடி, உப்பும் சோறும் கிடைத்தால் சாப்பிடு. ஈரமான சைக்கிள் கால்சட்டையை முதலில் மாற்று. உட்காருமிடத்துப் புண் பலருக்கு ஓட்டும்போது வருவதைவிட, அந்த ஈரத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து வரும்போதே முற்றுகிறது. மறுநாள் அரை மணி நேரம் மெதுவாக மிதித்தால் கால் லேசாகும். மனசு ஓரிரு நாள் வெறிச்சென்று இருக்கும். ஏழு நாள் எழுந்ததும் என்ன செய்வது என்ற கேள்வியே இல்லாமல் இருந்துவிட்டு வருகிறோம், அதனால்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

டீ ஆறிவிட்டது. அவள் கடைசியாகக் கேட்டது, முடிக்க முடியாமல் போனால் என்ன என்று. முடிக்க முடியாதவர்களுக்கு வண்டி வரும், ஏறிக்கொள்ளலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் யாரால் முடியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் பயணத்துக்கு இந்தியானோலாவிலிருந்து கிளாரன்ஸ் பிக்கார்ட் என்பவர் வந்தார். வயது 83. அண்மை ஆண்டுகளில் அதிகம் சைக்கிள் ஓட்டாதவர். பெண்கள் ஓட்டும் பழைய ஷ்வின் சைக்கிள், முழுக்கைச் சட்டை, உள்ளே கம்பளி உள்ளாடை, தலையில் வெள்ளி நிறத் தொப்பி. டெ மாயினிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வரை 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர், புழுங்கும் வெயிலில் ஒரே நாளில் ஓட்டினார். மறுநாள் கடைசி நாள். சூ சிட்டியில் கூடிய 300 பேரில் முழுத் தூரமும் ஓட்டி டேவன்போர்ட் சேர்ந்தவர்கள் 114 பேர். பிக்கார்டும் டேவன்போர்ட் வந்து சேர்ந்தார்.