ஜன்னலை மாத்தினா கரன்ட் பில் குறையுமா? காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

பழைய மர ஜன்னலை எடுத்துட்டு டபுள் கிளாஸ் யுபிவிசி போட்டா ரூம் கூலா இருக்கும், ஏசி செலவும் குறையும். சென்னையில் சொந்த வீடு வைத்திருக்கும் பலர் கேள்விப்படும் யோசனை இது. பாதி உண்மை. மீதி பாதியில்தான் உங்கள் காசு இருக்கிறது.

வெப்பம் எப்படி உள்ளே வருது?

இரண்டு வழி. ஒன்று, வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்ற வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம். இன்னொன்று, கண்ணாடியை ஊடுருவி நேராக விழும் வெயில்.

குளிர் நாடுகளில் வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்று வித்தியாசம் 30 டிகிரி வரை போகும். இரட்டைக் கண்ணாடி அங்கே கைகொடுப்பது இதனால்தான். நம்ம ஊரில் வில்லன் நேர் வெயில். சாதாரண தெளிந்த கண்ணாடியை இரண்டு அடுக்காகப் போட்டாலும் வெயிலின் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் உள்ளே வந்துவிடும்.

கேட்க வேண்டிய நம்பர் எது?

எஸ்ஹெச்ஜிசி. வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு. தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு இது 0.8 அளவில் இருக்கும். வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகளில் 0.3 வரை குறையும். ரொம்ப இருட்டான கண்ணாடி வேண்டாம். பகலிலேயே லைட் போட வேண்டி வரும்.

எல்லா ஜன்னலையும் மாத்தணுமா?

தேவையில்லை. மே மாதம் சென்னையில் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்காக நகர்கிறது. தெற்கு ஜன்னலில் அப்போது நேர் வெயில் விழாது. மேற்கு ஜன்னலில் மதியம் 3 மணிக்கு மேல் சாய்வாக இறங்கும் வெயிலை சன்ஷேடாலும் தடுக்க முடியாது. முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

எவ்வளவு மிச்சமாகும்?

4-க்கு 4 அடி மேற்கு ஜன்னல், தினமும் 3 மணி நேர வெயில், அந்த நேரத்தில் ஏசி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியை 0.8-லிருந்து 0.3-க்கு மாற்றினால் மாதம் தோராயமாக 10 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 80 ரூபாய். வருடத்தில் 6 மாதம் என்றால் 480 ரூபாய். ஜன்னலுக்கு 10,000 ரூபாய் செலவானால், போட்ட காசை எடுக்க 20 வருடத்துக்கு மேல் ஆகும்!

அப்போ என்ன செய்யலாம்?

* முதலில் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ளே போடும் திரையைவிட இது பலன் தரும். வெப்பம் கண்ணாடிக்கே வராது. அபார்ட்மென்ட் என்றால் சங்கத்திடம் கேட்டுவிடுங்கள்.
* ஏசி அறையில் ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைக்கலாம்.
* சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.
* மரம் உளுத்துவிட்டது, சாலை இரைச்சல் தாங்கவில்லை, மாலையில் அந்த அறையில் உட்காரவே முடியவில்லை என்றால், முழு ஜன்னலையும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்லைடிங் ஜன்னல் பெரும்பாலும் பாதிதான் திறக்கும். கதவு போலத் திறக்கும் பழைய ஜன்னலில் வந்த காற்றில் பாதி போய்விடும். கரன்ட் போன ராத்திரியில் அது தெரியும்.

கொட்டேஷனில் எஸ்ஹெச்ஜிசி எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.