உப்பளமும் எண்காட்டும் கருவியும்

புத்தளத்துக் களப்போரத்தில் உப்பு விளைவிப்போர் புதுக்கருவிகளை வெறுப்பவர் எனக் கற்றோர் சிலர் கூறுவர். அவர்களோடு பலகால் அளவளாவிய யான் இக்கூற்றை ஒப்புகிலேன்.

உப்பு விளைவிப்பது, கடல்நீரை வெயிலில் விட்டுக் காத்திருக்கும் எளிய செயலன்று. போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகையாயுள்ள கடல்நீர், பாத்திக்குப் பாத்தி மாறி வற்றி, 25 பாகையளவை எட்டும்போதே உப்புப் படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரைக் கழித்துவிடல் வேண்டும். தவறின் மக்னீசிய உப்புக்கள் கலந்து விளைவு கசக்கும், ஈரமும் பிடிக்கும். இப்பதத்தை முதியோர் நாவாலும், விரலிடை வழுவழுப்பாலும், நீரின் செந்நிறத்தாலும் அறிவர். அடர்த்தி காட்டும் கண்ணாடி மானியும் அவர்க்குப் புதிதன்று.

இன்று பேசப்படுவது வேறொன்று. பாத்தியில் அமிழ்த்திய உணரி, உவர்ப்பையும் வெப்பத்தையும் இடையறாது அளந்து கைபேசிக்கு அனுப்புமாம். "உப்பேறிக் கருவியை மூடினால் ஆர் துடைக்கிறது, மாஸ்டர்?" என்றார் ஒருவர். இதனை அறியாமை என்பதா? உணரியில் உப்புப் படிவது உண்மை. அன்றியும், மின்கடத்துதிறனைக்கொண்டு உவர்ப்பை அளக்கும் கருவி, நீர் செறிந்து உப்புப் படியும் தறுவாயில் வேறுபாட்டைச் செவ்வனே காட்டாது. அவ்விடத்தில் அடர்த்தியை அளப்பதே தக்கது. கருவியை விற்க வருவோர் இதனை முதலிற் சொல்லுதல் நன்று.

அவர்க்கு மெய்யான பகை மழையே. 2024ஆம் ஆண்டிறுதியிற் பெய்த மழையால் விளைவு குன்றி, 2025இல் நம் தீவு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டுக்கு இந்நிலை! ஆதலின், "எண் கிடக்கட்டும், நாளைக்கு மழையென்றால் இன்றைக்கே சொல்லட்டும்" என்கின்றனர்.

இன்னுமொரு வினா என்னைச் சிந்திக்க வைத்தது. "எப்போது, எத்தனை அந்தர் விளையுமென்று வாங்குகிறவர் எனக்கு முந்தி அறிந்தால், விலைபேச எனக்கு வாயேது?" இதற்கு விடை கருவி செய்வோரிடத்தில் இல்லை, அளவுகள் எவர் கைக்குச் செல்லும் என ஒப்பந்தம் எழுதுவோரிடத்தில் உண்டு. அது தெளிவாகாதவரை, தயங்குவோரைக் குறைகூற யான் ஒருப்படேன்.

அவர் மகன், இளைஞன், செய்தி தமிழிலே வருமா என்று ஆவலோடு வினவினான். தந்தையார் அதற்குள் உப்புக் குவியலை மூடக் கிடுகெடுக்கப் போய்விட்டார். வானம் கருக்கத் தொடங்கியிருந்தது.